வென்றவர் கதையும் இருப்புச் செய்தியும்

ஒரு பொருளை விற்பவர் இரண்டு செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும். ‘இன்னார் வாங்கினார், அவருக்கு நன்றாகப் பயன்பட்டது’ என்பது ஒன்று. ‘அந்தப் பொருள் எங்களிடம் கிடைக்கும்’ என்பது மற்றொன்று. நம் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் பித்தளைக் குடம் விற்பவர் முதல், உலகெங்கும் மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் வரை யாவருக்கும் இது பொருந்தும்.

ஆயினும் குடத்துக்கும் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குடத்தைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கலாம். ஓசையைக் கேட்டே அதன் தரத்தைச் சொல்லிவிடும் பாட்டிமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். புதிய விதையையோ, மின்கருவியையோ, கணக்கெழுதும் மென்பொருளையோ அப்படித் தட்டிப் பார்க்க இயலாது. விதையின் குணம் அறுவடையில்தான் தெரியும். மென்பொருளின் குணம் ஓராண்டுக் கணக்கை அதில் ஏற்றிய பிறகுதான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். எனவே தொழில்நுட்பப் பொருள்களை நாம் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. பிறர் சொல்லைக் காதால் கேட்டே வாங்குகிறோம். அந்தச் சொல் எவ்வாறு உருவாகிறது, அதில் எவ்வளவை நம்பலாம் என்பதை வணிகவியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்த அளவில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

வெற்றிக் கதை உருவாகும் விதம்

தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் பெற்ற நன்மையை ஒரு சிறு வரலாறாக எழுதி வெளியிடுகின்றன. இதற்கு ‘வாடிக்கையாளர் வெற்றிக் கதை’ என்று பெயர். மைக்ரோசாப்ட், எஸ்.ஏ.பி. போன்ற அயல்நாட்டு நிறுவனங்களும், 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் பெயர் மாறிய நம் ஜோஹோ நிறுவனமும் இத்தகைய கதைகளைத் தொழில்வாரியாகத் தொகுத்து வைத்திருக்கின்றன. மருத்துவமனை நடத்துபவர் வந்தால் மருத்துவமனைக் கதை, துணிக்கடைக்காரர் வந்தால் துணிக்கடைக் கதை என்று எடுத்து நீட்டுவதற்கு அது வசதி.

எந்த நாட்டுக் கதையானாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதலில் வாடிக்கையாளர் பட்ட தொல்லை. அடுத்து, அவர் இந்தப் பொருளை வாங்கியது. கடைசியில் கிடைத்த பலன், பெரும்பாலும் ஒரு சதவீதக் கணக்கோடு. நடுவில் வாடிக்கையாளரே பேசுவது போல் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். அந்த வரிகள் எப்படி வருகின்றன என்பது கவனிக்கத் தக்கது. விற்பனைத் துறையினர் நன்றாகப் பலன் கண்ட வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர், பேட்டி காண்கின்றனர், தாமே எழுதுகின்றனர், பின்னர் வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற்று வெளியிடுகின்றனர். சில நேரங்களில் கதைக்கு ஒப்புக்கொண்டவருக்கு விலைச் சலுகையும் உண்டு. வாடிக்கையாளருக்கும் தம் பெயர் நாலு பேருக்குத் தெரிகிறது என்ற இலாபம் உண்டு.

இதில் பொய் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘நேரம் 50 சதவீதம் மிச்சமாயிற்று’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நாளுக்கு 8 மணி நேர வேலை 4 மணியாயிற்றா, வாரத்துக்கு 20 நிமிட வேலை 10 நிமிடமாயிற்றா? இரண்டும் 50 சதவீதமே. முன்னது ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றும். பின்னது ஒரு தேநீர் குடிக்கும் நேரம். எதிலிருந்து எது குறைந்தது என்று சொல்லாத சதவீதம் அளவுகோலே ஆகாது.

வானொலி நெல்

வெற்றிக் கதையால் பொருள் பரவியதற்கு நம் தமிழ்நாட்டில் ஒரு சிறந்த சான்று உண்டு. அதைத் தொழில்நுட்பம் என்று நாம் நினைப்பதில்லை. ஏனெனில் அது நெல் விதை. 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 27 என்ற புதிய ரகத்தை வெளியிட்டது. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் நாட்டு ரகம் ஒன்றையும் இணைத்துப் பெற்ற அது, ஏறத்தாழ 105 நாளில் விளைந்துவிடும் குறுவைப் பயிர். இந்த ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் தன் பண்ணை ஒலிபரப்பில் விரிவாகச் சொல்லிவந்தது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரமிடுவது, விளைச்சல் என்ன என்ற செய்திகள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தன. தஞ்சை உழவர்கள் அந்த ரகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயரை விட்டுவிட்டு ‘வானொலி நெல்’, ‘ரேடியோ நெல்’ என்றே அழைக்கலாயினர். செய்தி பரப்பிய கருவியின் பெயரே பொருளுக்குப் பெயராயிற்று என்றால் அந்தச் செய்தியின் வலிமையை எண்ணிப் பாருங்கள்.

இது ஏன் பலித்தது? மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, சொன்னதும் கேட்டதும் ஒரே மண். காவிரிப் பாசன உழவரைப் பற்றிய செய்தியைக் காவிரிப் பாசன உழவரே கேட்டார். இரண்டாவது, வெற்றியோடு அதன் முறையும் சொல்லப்பட்டது. மூன்றாவது, கதையும் இருப்பும் ஒன்றாக வந்தன. 1960-61-ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒருசேரக் கொடுப்பதே அத்திட்டத்தின் நோக்கம். வானொலியில் கேட்டதை வாங்க ஓர் இடம் இருந்தது.

அப்படியும் அக்கதை முழுமையானது அன்று. ‘விளைச்சல் கூடியது’ என்ற வாக்கியம், யாருக்குக் கூடியது என்பதைச் சொல்லவில்லை. அதே தஞ்சை மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். நிலம் உடையவரின் வெற்றியை மட்டும் கேட்டவர்க்கு, வயலில் இறங்கி நின்றவரின் கணக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வெற்றிக் கதை எதுவாயினும் அதைச் சொல்பவர் யார், சொல்லாதவர் யார் என்று பார்ப்பது இன்றியமையாதது.

வட ஆற்காட்டின் அனுபவம்

அடுத்து, நம் பகுதிக்கு வருவோம். திருவண்ணாமலை 1989 செப்டம்பரில் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குக் காவிரி இல்லை. 1958-ல் முடிந்த சாத்தனூர் அணை பாயும் நிலம் ஒரு பகுதி. மற்றவை ஏரிப் பாசனம், கிணற்றுப் பாசனம், மானாவாரி.

1966 நவம்பரில் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகத்தை வெளியிட்டது. அதன் புகழ் ஆசியாவெங்கும் பரவியது. அந்நெல்லால் நல்ல விளைச்சல் கண்ட தமிழ்நாட்டு உழவர் ஒருவர் தம் மகனுக்கு ‘ஐ.ஆர். எட்டு’ என்றே பெயர் வைத்தார். அந்த ஆராய்ச்சி நிறுவனமும் இச்செய்தியை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது. பிள்ளைக்குப் பெயராக வைக்கும் அளவுக்கு ஒரு பொருள் வாடிக்கையாளரை நிறைவு செய்தது என்றால், அதைவிட மேலான வெற்றிக் கதை வேறு எந்த விற்பனையாளருக்குக் கிடைக்கும்?

அக்கதை உண்மை. அந்த உழவரின் மகிழ்ச்சியும் உண்மை. ஆனால் ஐ.ஆர். 8 தன் முழு விளைச்சலைத் தர உரமும் தட்டாத தண்ணீரும் வேண்டியிருந்தன. அரிசி தடித்தும் வெள்ளை பாய்ந்தும் இருந்ததால் அரைவையில் நொய்யாகியது. சோற்றின் சுவையும் பலருக்குப் பிடிக்கவில்லை. நோய்த் தாக்குதலும் இருந்தது. பின்வந்த ரகங்கள் இக்குறைகளைத் தீர்க்கவே உண்டாக்கப்பட்டன.

1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தனர். அவர்களுடைய ஆய்வு பி. எச். பார்மரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1977-ல் நூலாக வெளிவந்தது. நூலின் பெயர் ‘பசுமைப் புரட்சியா?’ என்று பொருள்படும் கேள்வியாகவே அமைந்தது. அதிகாரப்பூர்வக் கணக்குகள் காட்டிய அளவுக்குப் புதிய ரகங்கள் இங்கே பரவவில்லை என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. ஆழமான கிணறும் மோட்டாரும் உடையவர்க்கு ஒரு கதை. ஏரி நிரம்பினால்தான் பயிர் என்றிருந்தவர்க்கு வேறொரு கதை. விதை ஒன்றே. தண்ணீர் வேறு. வெற்றிக் கதையில் தண்ணீரைப் பற்றிய வரி விடுபட்டுப்போனால், அந்தக் கதை நம் ஊருக்கு வரும்போது பாதியாகத்தான் வந்து சேரும்.

தோற்றவர் எங்கே?

வெற்றிக் கதையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதை விளக்க நம் ஊரிலேயே உவமை கிடைக்கிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் முடிவில், ஈசான்ய லிங்கத்தருகே நின்றுகொண்டு, வருவோரையெல்லாம் ‘முழுவதும் நடக்க முடிந்ததா?’ என்று கேட்டுப் பாருங்கள். நூற்றுக்கு நூறு பேரும் ‘முடிந்தது’ என்றே சொல்வார்கள். கால் வலித்து வழியில் உட்கார்ந்தவரும், ஆட்டோ பிடித்துத் திரும்பியவரும் அந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள். கேட்டவர் பொய் சொல்லவில்லை. பதில் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ‘கிரிவலம் வந்த யாவரும் முழுவதும் நடந்தனர்’ என்ற முடிவு பொய்.

விற்பனையாளர் ஈசான்ய லிங்கத்தருகே நிற்பவர். வாங்கிப் பயன்படாமல் மூலையில் போட்டவரும், பாதியில் விட்டவரும் அவருடைய தொகுப்பில் வரமாட்டார்கள். ஆகவே பத்து வெற்றிக் கதைகளைப் படித்தபின் நாம் அறிவது ‘இது பலிக்கக்கூடும்’ என்பது மட்டுமே. ‘எத்தனை பேரில் எத்தனை பேருக்குப் பலித்தது?’ என்ற கேள்விக்கு அங்கே விடை இராது.

‘கிடைக்கும்’ என்னும் சொல்லின் படிகள்

இனி இரண்டாவது செய்தியைப் பார்ப்போம். ‘கிடைக்கும்’ என்பது எளிய சொல் போலத் தோன்றும். தொழில்நுட்ப உலகில் அதற்குப் பல படிகள் உள்ளன. முதற்படி, பொருள் வரப்போகிறது என்ற வெறும் அறிவிப்பு. இரண்டாவது, சிலருக்கு மட்டும் கொடுத்துச் சோதிக்கும் நிலை. இதைப் பீட்டா என்பர். மூன்றாவது, யாவருக்கும் பொது விற்பனை. இதிலும் ஒரு நாட்டில் கிடைப்பது மற்றொரு நாட்டில் கிடைக்காது. நகரில் கிடைப்பது கிராமத்தில் கிடைக்காது. நான்காவது, விற்பனை நின்று பழுதுபார்ப்பு மட்டும் தொடரும் நிலை. ஐந்தாவது, அதுவும் நின்றுபோகும் நாள். விளம்பரம் பேசுவது பெரும்பாலும் முதல் மூன்று படிகளைப் பற்றியே. வாங்குபவருக்கு வேண்டியதோ கடைசி இரண்டு.

கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் 2004 ஏப்ரல் 1-ல் வெளிவந்தது. முதலில் அழைப்புப் பெற்றவருக்கு மட்டுமே அதில் கணக்குத் தொடங்க முடிந்தது. பின்னர்க் கோடிக்கணக்கானவர் பயன்படுத்தியபோதும் அதன் பெயரோடு ‘பீட்டா’ என்ற அடைமொழி 2009 ஜூலை வரை ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனை நிலை என்ற சொல் ஐந்தாண்டுகளுக்கு மேல் நீடிக்கும் என்றால் அச்சொல்லுக்கு நிலையான பொருள் இல்லை என்றே ஆகிறது.

கடைசிப் படிக்கு எடுத்துக்காட்டு விண்டோஸ். எக்ஸ்.பி. என்ற பதிப்பு 2001 அக்டோபரில் வந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ல் நின்றன. 2015-ல் வந்த 10-ஆம் பதிப்புக்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அன்றைக்கு எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை. ஆனால் புதிய 11-ஆம் பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாத பழைய கணிப்பொறிகள் பல, நல்ல நிலையில் இருந்தும் பாதுகாப்பற்றவை ஆயின. இதில் பாராட்டத் தக்கது ஒன்று உண்டு. அந்த முடிவு நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. கேட்டவருக்குப் பதில் இருந்தது. கேட்கும் வழக்கந்தான் நம்மிடம் இல்லை.

அறிவிப்பே ஆயுதமாகும்போது

இல்லாத பொருளை ‘வரப்போகிறது’ என்று அறிவிப்பதும் ஒரு வாணிப உத்தி. வாங்க நினைப்பவர், ‘பெரிய நிறுவனத்தின் பொருள் வரட்டும்’ என்று காத்திருப்பார். அதற்குள் சிறிய போட்டியாளரின் விற்பனை படுத்துவிடும். 1960-களில் உலகின் மிக வேகமான கணிப்பொறியை விற்றுவந்த கன்ட்ரோல் டேட்டா நிறுவனம், இந்தக் குற்றச்சாட்டோடுதான் 1968 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. இன்னும் உருவாகாத இயந்திரங்களை அறிவித்துத் தன் வாடிக்கையாளரைத் தடுத்துவிட்டதாக அது வாதிட்டது. 1973-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, ஐ.பி.எம். தன் துணை நிறுவனம் ஒன்றைக் கன்ட்ரோல் டேட்டாவுக்குக் கொடுக்க நேர்ந்தது.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான நிலையும் இருந்தது. உற்பத்திக்கு உரிமம் வேண்டியிருந்த காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டர் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் மக்கள். அன்று வெற்றிக் கதை தேவைப்படவே இல்லை. பதிவுச் சீட்டே சொத்துப் போல மதிக்கப்பட்டது. இன்றோ பொருள் கிடங்கில் நிறைந்திருக்கும்போதே ‘இரண்டே பாக்கி உள்ளன’, ‘இன்னும் பத்து நிமிடந்தான்’ என்று செல்பேசித் திரை நம்மை விரட்டுகிறது. அன்று இல்லாமை உண்மை. இன்று அது பல இடங்களில் நடிப்பு. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகள் என 13 வகைகளைப் பட்டியலிட்டன. அவற்றுள் முதலாவதாக நிற்பது இந்தப் பொய் அவசரமே.

கதையும் இருப்பும் ஒன்றோடொன்று மோதும் விந்தையும் நடப்பதுண்டு. ஜோஹோவின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலி 2021 ஜனவரியில் வெளிவந்து பல காலம் அமைதியாக இருந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென அதன் புகழ் ஓங்கியது. நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆயின என்று நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். அவசர அவசரமாகக் கணிப்பொறித் திறனைக் கூட்ட வேண்டியிருந்தது என்பதையும் அவரே ஒளிக்காமல் சொன்னார். அப்போது அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ‘செயலி கிடைக்கிறது’ என்பது உண்மை; ‘அதிலுள்ள எல்லா வசதியும் கிடைக்கிறது’ என்பது வேறு. நம் தமிழ்நாட்டு நிறுவனம் என்ற பெருமை நமக்கு இருக்கலாம். ஆனால் பெருமை வேறு, இருப்புப் பட்டியல் வேறு.

இரண்டும் ஒருவரிடத்தில் சேரும்போது

இவை பெரிய நிறுவனங்களின் செய்திகள்தாமே, நமக்கென்ன என்று சிலர் கருதலாம். செங்கம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம் வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு நேர்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும். செல்பேசியிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பற்றி ஒரு விற்பனையாளர் வந்து கூறினார். கையில் அச்சடித்த வண்ணத்தாள். அதில் மேற்கு மாவட்டத் தென்னந்தோப்பு உரிமையாளர் ஒருவர் வீட்டில் அமர்ந்தபடியே நீர் பாய்ச்சும் படம். இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துக் கிணற்றடிக்கு நடந்து போகும் சித்தப்பாவுக்கு அந்தப் படமே போதுமாயிற்று. பழைய ஸ்டார்ட்டரைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி என்றார், கொடுத்துவிட்டார்.

கருவி நன்றாகவே வேலை செய்தது, மாசி மாதத்தில் அதன் மின்பலகை எரிந்துபோகும் வரை. பழைய ஸ்டார்ட்டராக இருந்தால் ஊரிலுள்ள மோட்டார் மெக்கானிக்கே ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருப்பார். இதற்குப் பலகை கம்பெனியிலிருந்து வர வேண்டும். ‘ஸ்டாக் இல்லை சார், அடுத்த வாரம்’ என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். மார்கழிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை விழுது இறங்கும் பருவம் அது. ஒன்பதாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பழைய ஸ்டார்ட்டரைக் கொடுத்து உதவினார். அதற்குள் மண் இறுகி, விழுது இறங்காமல் போன செடிகள் பாதி. அந்த ஆண்டு பறித்த காய் விதைக்கடனுக்கே சரியாகப் போயிற்று. சித்தப்பா மகள் கல்லூரியில் சேர்வது ஓராண்டு தள்ளிப்போனது.

தென்னந்தோப்புக்காரரின் கதை பொய்யன்று. ஒன்பது நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் தென்னை தாங்கும், மல்லாட்டை தாங்காது. கதையில் சொல்லப்படாத வேறுபாடு இது. கருவி கடையில் இருந்தது; அதன் உறுப்பு இல்லை. இருப்புச் செய்தியில் சொல்லப்படாத வேறுபாடு இது. இரண்டு சிறு மௌனங்கள் ஒன்றுசேர்ந்தால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு போய்விடுகிறது.

சட்டம் தரும் துணை

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்க அது இடமளிக்கிறது. 2022 ஜூன் மாத வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளைப் பாராட்டிச் சொல்பவரின் கருத்து அவருடைய உண்மையான கருத்தாகவும், போதிய அனுபவத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும். விற்பனையாளருக்கும் அவருக்கும் பொருள் உறவு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மையே. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோரே. தையல் எந்திரம் வாங்கிய பெண்ணும், எடைக்கருவி வாங்கிய பெட்டிக்கடைக்காரரும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் ஆதாரம் வேண்டும். வாய்ச்சொல்லாக வந்த வாக்குறுதி ஆணையத்தின் முன் நிற்பது கடினம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே பொருள் வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடைகளைத் தாளில் எழுதி வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: கதையில் வருபவரின் நிலைமை நம் நிலைமையை ஒத்ததா? நிலமாயின் தண்ணீர், கடையாயின் வியாபார அளவு, கருவியாயின் மின்சாரமும் செல்பேசி அலையும்.

இரண்டு: சொல்லப்படும் இலாபம் எதிலிருந்து எவ்வளவு? எத்தனை மாதம் பார்த்த கணக்கு?

மூன்று: கதையில் இல்லாத வேறு இரண்டு வாடிக்கையாளரை, இயன்றால் நம் வட்டாரத்தில், நாம் சென்று பார்க்கலாமா? நல்ல பொருளை விற்பவர் இக்கேள்விக்கு அஞ்சமாட்டார்.

நான்கு: நமக்கு வேண்டிய அந்த வசதி இன்று இருக்கிறதா, இனி வரப்போகிறதா? இனி வருவதற்கு இன்று விலை கொடுக்கலாகாது.

ஐந்து: பழுதானால் உறுப்பு எங்கே கிடைக்கும், எத்தனை நாளில், எந்த ஆண்டு வரை? மென்பொருளாயின், நாம் விட்டு விலக நினைத்தால் நம் கணக்கை வெளியே எடுத்துத் தருவார்களா?

இக்கேள்விகள் விற்பவருக்குப் பகையானவை அல்ல. தஞ்சையில் வானொலி நெல் பரவியது, மண், முறை, விதை கிடைக்குமிடம் ஆகிய மூன்றுக்கும் விடை ஏற்கெனவே இருந்ததனால்தான். விடையோடு வந்த கதையை உழவர்கள் ஏற்றுக்கொண்டனர். அது விற்றவருக்கும் நன்மை, வாங்கியவருக்கும் நன்மை.

முடிவுரை

நம்மில் பலர் பட்டம் பெற்றபின் விற்பனைப் பிரிவுகளில்தான் முதல் வேலைக்குச் சேரப்போகிறோம். அப்போது வெற்றிக் கதைகளை எழுதுபவர்களும் ‘ஸ்டாக் உண்டு’ என்று சொல்பவர்களும் நாமே. ஒரு கதையை எழுதும்போது, பலன் கிடைத்த நிலைமையையும் ஒரு வரியில் சேர்த்து எழுத நம்மால் முடியும். ‘கிடைக்கும்’ என்று சொல்லும்போது, உதிரி உறுப்பு எங்கே எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும். அந்த ஒரு வரியால் சில விற்பனைகள் குறையலாம். ஆனால் மாசி மாதத்தில் கிணற்றடியில் நின்று ‘அடுத்த வாரம்’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் தொகையும் குறையும். வணிகவியல் வகுப்பில் நாம் பயிலும் நம்பகம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுவே.